மருத்துவ பீடத்துக்கு எப்போது படிக்கத் தொடங்குவது?

(நமது சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி, தரம் 9, 10, 11 மாணவிகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும் பாடசாலை மண்டபத்தில் நிகழ்த்திய உரை. மலருக்காகச் சில இடங்களில் விரித்து எழுதப்பட்டுள்ளது.)



எனக்குத் தந்த தலைப்பு "மருத்துவராக வருவது எப்படி" என்பது. அதைப் பேச ஒரு நாள் போதாது. ஆகவே அதற்குள் இருக்கும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒருகொடவத்தையில் மாலை வேளைகளில் நான் நோயாளரைப் பார்க்கும் இடத்தில் மாதம் நாலைந்து தடவையாவது இந்தக் கேள்வி வரும். பிள்ளையின் இருமலுக்கு மருந்து எழுதி முடித்து, அம்மா கதவுவரை போய்விட்டுத் திரும்பி வருவார். "டொக்டர், மகள் இப்ப எட்டாம் ஆண்டு. பயோ டியூஷனுக்கு இப்பவே விடட்டா? பக்கத்து வீட்டுப் பிள்ளை தொடங்கிட்டுது." அந்த அம்மா கேட்பது படிப்பைப் பற்றி மட்டுமல்ல. நாங்கள் பிந்திவிட்டோமா என்றுதான் கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை காத்திருக்க வைக்க விருப்பமில்லை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து, இரண்டு கிழமை நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு தொடங்குங்கள். அதற்கு முன் உயர்தரப் பாடம் வேண்டாம். அதற்குப் பிறகு தள்ளிப்போடவும் வேண்டாம். இதற்கான காரணங்கள்தான் இனி நான் பேசப்போவது.

இந்தியாவில் இருப்பதுபோல மருத்துவத்துக்கென்று தனியான நுழைவுப் பரீட்சை நம் நாட்டில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உயர்தரப் பரீட்சைதான் நமக்கு நுழைவுப் பரீட்சையும். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்ற மூன்று பாடங்களும், அவற்றின் இசட் புள்ளியும், நீங்கள் எந்த மாவட்டத்தில் கணக்கிடப்படுகிறீர்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. நான் எழுதிய 1999இல் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று நான்கு பாடம்; மொத்தம் 400 புள்ளி. அடுத்த ஆண்டு புதிய பாடத்திட்டத்தில் அது மூன்று பாடமாயிற்று. 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து இசட் புள்ளி வந்தது. ஆகவே "நீங்கள் எப்படிப் படித்தீர்கள், டொக்டர்?" என்று என்னிடம் கேட்பதில் அதிகம் பயனில்லை. நான் எழுதிய பரீட்சை இப்போது இல்லை.

நமது வீடுகளில் இருக்கும் பதற்றம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்த மண்டபத்தில் இருக்கும் மூத்த பழைய மாணவிகள் சிலருக்கு 1970களின் தொடக்கம் நினைவிருக்கும். மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது, மருத்துவத்துக்கு 400க்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும் என்று வெட்டுப்புள்ளி இருந்தது. அந்த 21 புள்ளி ஒரு தலைமுறையின் தலையில் ஏறி உட்கார்ந்தது. "நாங்கள் மற்றவரைவிடக் கூடுதலாக எடுக்க வேண்டும், கூடுதலாக எடுக்க முன்கூட்டியே தொடங்க வேண்டும்" என்ற எண்ணத்தைத் தாத்தாவிடமிருந்து அப்பாவும், அப்பாவிடமிருந்து பிள்ளையும் வாங்கிக்கொண்டோம். அந்த முறை போய்விட்டது. இன்று மொழிமூலத்துக்கென்று தனி வெட்டுப்புள்ளி கிடையாது. மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது: 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படை, 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்கள். அந்த ஒதுக்கீடு சரியா பிழையா என்று விவாதிக்க இது இடமல்ல. ஆனால் கொழும்பு மாவட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான். நாட்டின் மிகக் கடுமையான வரிசைகளில் ஒன்றில் நீங்கள் நிற்கிறீர்கள். இங்கே மூன்று ஏ எடுத்தும் மருத்துவ பீடம் கிடைக்காமல் போகிறது.

ஏன் கிடைக்காமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள இசட் புள்ளியைக் கொஞ்சம் பார்ப்போம். பெற்றோரும் கவனியுங்கள். இதைப் புரிந்துகொண்டால் டியூஷனுக்குச் செலவழிக்கும் பணத்தை எங்கே போடுவது என்பதும் தெரியும். ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியையும் கழியுங்கள். வருவதை நியம விலகலால் வகுங்கள். அதுதான் அந்தப் பாடத்துக்கான இசட் புள்ளி. மூன்று பாடத்துக்கும் கண்டு சராசரி எடுத்தால் உங்கள் இறுதி இசட். உதாரணத்துக்கு, நானே போட்ட எண்களை வைத்துச் சொல்கிறேன். உயிரியலில் சராசரி 50, நியம விலகல் 15 என்று வைப்போம். 70 எடுத்த பிள்ளைக்கு 20ஐ 15ஆல் வகுக்க 1.33 வரும். பௌதிகவியலில் சராசரி 40, நியம விலகல் அதே 15 என்றால், அதே 70க்கு 2 வரும். புள்ளி ஒன்றாக இருந்தும் பெறுமதி வேறு. கொழும்பு மாவட்டத்தில் மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி பெரும்பாலும் 2ஐ ஒட்டி நிற்கிறது. ஆகவே ஒரு பாடத்தில் மிக நன்றாகவும் மற்ற இரண்டில் சுமாராகவும் செய்தால் போதாது.

நமது பிள்ளைகளுக்கு அதிகம் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பௌதிகவியலும் இரசாயனவியலும் உயிரியல் பிரிவுக்கு மட்டுமான பாடங்களல்ல. கணிதப் பிரிவுப் பிள்ளைகளும் அதே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள். உங்கள் பௌதிகவியல் இசட் புள்ளியைக் கணக்கிடும்போது, இணைந்த கணிதம் தினமும் செய்து பழகிய பிள்ளைகளும் அந்தச் சராசரிக்குள் இருக்கிறார்கள். "எனக்கு மெத்ஸ் வராது, அதனால்தான் பயோ செய்கிறேன்" என்று சொல்லும் தங்கைமாரை வருடா வருடம் சந்திக்கிறேன். அந்தக் காரணத்துக்காக உயிரியல் பிரிவுக்கு வருபவர் விழுவது பௌதிகவியலில்தான். மருத்துவ பீடம் தவறிப்போன பிள்ளைகள் என்னிடம் பெறுபேற்றுத் தாளைக் காட்டும்போது நான் முதலில் பார்ப்பதும் அந்த வரியைத்தான்.

இனி, ஏன் முன்கூட்டியே வேண்டாம் என்கிறேன்?

தரம் 8இலும் 9இலும் உயர்தர உயிரியல் குறிப்பு எழுதும் பிள்ளை அதை மறந்துவிடும். நாலைந்து வருடம் கழித்து அதே பாடத்தைத் திரும்ப எடுக்கும்போது "இது எனக்குத் தெரியும்" என்ற நினைப்பு மட்டும் மிஞ்சியிருக்கும், பாடம் இராது. அதிலும் பாடத்திட்டம் மாறும். 2019ஆம் ஆண்டுப் பரீட்சைதான் இப்போதைய உயர்தரப் பாடத்திட்டத்தில் நடந்த முதல் பரீட்சை. அதற்கு முன்பே பழைய குறிப்புகளை வாங்கிப் படித்து வைத்தவர்களுக்கு அந்த உழைப்பில் ஒரு பகுதி வீண். மூன்றாவது காரணம் எனக்கு முக்கியமானது. தரம் 10, 11 விஞ்ஞானப் புத்தகத்தை ஒழுங்காகப் படிப்பதே உயர்தரத்தின் தொடக்கம். கலம், ஒளித்தொகுப்பு, பாரம்பரியம், மூல், விசை, மின் எல்லாம் அதில் இருக்கிறது. அரசாங்கம் இலவசமாகத் தரும் அந்தப் புத்தகத்தைத் திறக்காமல் வைத்துவிட்டு, உயர்தரக் குறிப்புக்குக் காசு கொடுத்து ஓடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கணிதமும் அப்படித்தான். உயர்தரப் பௌதிகவியலுக்கு நுண்கணிதம் தேவையில்லை. சாதாரண தரத்தில் வரும் சமன்பாடு, மடக்கை, திரிகோண கணிதம், வரைபு இவை கைக்குப் பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தரம் 9இல் இருக்கும் பிள்ளைக்கு அம்மாமார் காசு செலவழிக்க விரும்பினால் கணிதத்துக்குச் செலவழியுங்கள். இன்னொன்று ஆங்கிலம். உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டுப் போகிறோம். கொழும்போ, பேராதனையோ, யாழ்ப்பாணமோ, மட்டக்களப்போ, எந்த மருத்துவ பீடத்துக்குப் போனாலும் முதல் நாளிலிருந்து ஆங்கிலம். இதயத்தின் இடது இதயவறைக்கு ஆங்கிலத்தில் பெயர் தெரியாமல் விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று தமிழ் மொழிமூலத்தில் படித்துப் போன எல்லோருக்கும் தெரியும். நாளொன்றுக்கு அரை மணி நேரம், பத்திரிகையோ கதைப் புத்தகமோ, விருப்பமானதை ஆங்கிலத்தில் வாசியுங்கள். தரம் 8இல் தொடங்க வேண்டியது இதுதான். இதற்கு டியூஷனும் தேவையில்லை, நமது பாடசாலை நூலகம் இருக்கிறது.

நான் வைத்தியர் என்பதால் தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 13 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். படித்தது நினைவில் பதிவதற்கும் தூக்கம் வேண்டும். காலை ஐந்து மணிக்கு எழுந்து, பாடசாலை முடிந்து, டியூஷன் முடிந்து, இரவு பத்தரைக்கு வந்து, வீட்டு வேலை செய்து, பன்னிரண்டரைக்குப் படுக்கும் பிள்ளை ஆறு மணித்தியாலம்கூடத் தூங்குவதில்லை. தலையிடி, மயக்கம், மாதவிடாய்க் கோளாறு என்று என்னிடம் கொண்டுவரும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்து, வெளிறிப்போய், தேநீரில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இன்னொரு வகுப்பைச் சேர்த்துவிடுவது படிப்புக்கும் நல்லதல்ல, உடம்புக்கும் நல்லதல்ல.

ஏன் பிந்தவும் கூடாது என்பதற்கு நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் டிசம்பரில் சாதாரண தரம், பிறகு ஒரு ஆகஸ்ட்டில் உயர்தரம் என்று ஒரு பழக்கம் இருந்தது. 2019ஆம் ஆண்டு உயர்தரமும் ஆகஸ்ட்டில்தான் நடந்தது. பிறகு கொவிட் வந்தது. 2020ஆம் ஆண்டுப் பரீட்சை ஒக்டோபருக்குப் போனது. 2021ஆம் ஆண்டுக்கானது 2022 பெப்ரவரியிலும், 2022க்கானது 2023 ஜனவரியிலும், 2023க்கானது 2024 ஜனவரியிலும் நடந்தன. 2024ஆம் ஆண்டுக்கானது அதே ஆண்டு நவம்பர் 25இல் தொடங்கி, இரண்டாம் நாளுக்குப் பிறகு மழை வெள்ளத்தால் நிறுத்தப்பட்டு, டிசம்பரில் மறுபடி தொடர்ந்தது. ஆகவே மற்ற நாடுகளில் சொல்வதுபோல "பரீட்சைக்கு இத்தனை மாதம் முன்னால் தொடங்கு" என்று சொல்வது இங்கே கஷ்டம். பரீட்சைத் திகதி நம் கையில் இல்லை. நம் கையில் உறுதியாக இருப்பது ஒரு முனை மட்டும்தான், சாதாரண தரம் முடிந்த நாள். அங்கிருந்து எண்ணுங்கள்.

ஒரு உண்மையான தொகுதியை எடுத்துக்கொள்வோம். 2021ஆம் ஆண்டுக்கான சாதாரண தரத்தை 2022 மே மாதக் கடைசியில் எழுதிய பிள்ளைகள் உயர்தரம் எழுதியது 2024 நவம்பரில். நாட்காட்டியில் 30 மாதம். ஆனால் சாதாரண தரப் பெறுபேறு வந்தது 2022 நவம்பர் இறுதியில். பெறுபேறு வரட்டும் பார்ப்போம் என்று இருந்த பிள்ளைக்கு ஆறு மாதம் அப்படியே போய்விட்டது. மிஞ்சியது 24 மாதம். அதில் தவணை விடுமுறை, விளையாட்டுப் போட்டி, கலைவிழா, தவணைப் பரீட்சை, டெங்கு, வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு மரணம் எல்லாம் வரும். கடைசி ஐந்தாறு மாதம் புதிதாக எதையும் படிக்காமல் வினாத்தாள் செய்வதற்கு வேண்டும். அப்படிப் பார்த்தால் மூன்று பாடத்தையும் முதல் தடவை படித்து முடிக்கக் கிடைப்பது ஒன்றரை வருடத்துக்கும் குறைவு. இழந்த அந்த ஆறு மாதத்தின் பெறுமதி இப்போது தெரிகிறதா? அண்மையில் பெறுபேறு வருமுன்னரே உயர்தர வகுப்புகளை ஆரம்பிக்கும் நடைமுறை வந்திருக்கிறது. நல்லது. ஆனால் வகுப்பு ஆரம்பிக்கும் என்று காத்திராமல், நீங்களே ஆரம்பியுங்கள்.

அந்த இடைவெளியில் என்ன செய்வது? முழுப் பாடத்திட்டத்தையும் விழுங்கப் பார்க்க வேண்டாம். கணிதத்தில் முன்பு சொன்ன பகுதிகளை முதல் மாதம் திரும்பச் செய்யுங்கள். பிறகு பௌதிகவியலின் அளவீடும் பொறிமுறையும், இரசாயனவியலின் அணுக்கட்டமைப்பும் மூல் கணக்குகளும். இந்த இரண்டும் பிடிபட்டால் முழுப் பாடத்துக்கும் அத்திவாரம் விழுந்துவிடும். உயிரியலை வாசியுங்கள், மனனம் செய்ய வேண்டாம். தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்கள் தமிழில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருவருக்குப் பிடித்திருக்கிறதா, இல்லையா என்பது இந்த மாதங்களிலேயே தெரிந்துவிடும். யாரும் கேட்காமலே அடுத்த பக்கத்தைத் திருப்பும் பிள்ளைக்கு இந்தப் பிரிவு பொருந்தும். ஒவ்வொரு நாளும் அம்மா கத்தித்தான் புத்தகம் திறக்கிறது என்றால், வர்த்தகம், கலை, தொழில்நுட்பம் எதையாவது பேசிப்பார்க்க அதுதான் நேரம். பிரிவு தெரிவு செய்யும் படிவம் இன்னும் நிரப்பவில்லை, ஒன்றும் நட்டமில்லை.

வகுப்புத் தொடங்கிய பிறகு, ஓர் அலகு முடிந்ததும் அந்த அலகின் கடந்தகால வினாக்களைச் செய்துவிடுங்கள். எல்லாம் முடியட்டும் என்று வைத்திருக்க வேண்டாம். பல்தேர்வில் 50 வினாவுக்கு 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். உயிரியலில் அது போதும். பௌதிகவியலில் அது பறந்துவிடும். கடிகாரத்தை வைத்துப் பழகாமல் அறிவு மட்டும் இருந்து பயனில்லை. பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தை எடுத்து நீங்களே திருத்திப் பாருங்கள். எந்தச் சொல்லுக்குப் புள்ளி, எந்தச் சொல்லுக்கு இல்லை என்று அதில் தெரியும்.

திட்டத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போடுங்கள். இந்த நகரத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது எத்தனை பிள்ளைகளின் கொப்பிகள் போயின. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அந்த மாதங்களில் மின்வெட்டில் மெழுகுதிரியில் படித்த பிள்ளைகள் இப்போது கம்பஸில் இருக்கிறார்கள். இரண்டு மாதத்தையாவது "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒதுக்கிவையுங்கள். குறிப்புக் கொப்பிகளை அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

இனி நான் பேச விரும்பிய முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எப்போது தொடங்குவது என்பது எல்லோருக்கும் ஒரே கேள்வியாக இருப்பதில்லை. வெள்ளவத்தையில் வீடு இருக்கும் பிள்ளை பாடசாலை முடிந்து, உடுப்பு மாற்றி, நடந்து போய் வகுப்பில் உட்காரும். தமிழ் மொழிமூல விஞ்ஞான வகுப்புகள் பெரும்பாலும் அங்கேதான். கொட்டாஞ்சேனையிலும் சில உண்டு. ஒருகொடவத்தையிலிருந்தும் கிராண்ட்பாஸிலிருந்தும் வெல்லம்பிட்டியிலிருந்தும் வரும் நமது பிள்ளைகளுக்கு வெள்ளவத்தை என்பது பஸ் மாறிப் போகும் இடம். பேஸ்லைன் வீதியில் கொள்கலன் லொறிகளுக்கு நடுவே எத்தனை மணிக்கு வீடு வந்து சேருவோம் என்று சொல்ல முடியாது. வகுப்பு ஏழரைக்கு முடிந்தால் வீடு ஒன்பது. அப்பா துறைமுகத்திலோ லொறியிலோ வேலை என்றால் கூட்டிவர ஆளில்லை. ஓட்டோவுக்கு நாளும் காசில்லை. அதனால் இந்தப் பிள்ளைகளின் வீட்டில் எடுக்கும் முடிவு எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது: "பெடியன் என்றால் விடலாம், பொம்பிளைப் பிள்ளையை எப்படி விடுவது?" அந்த வீட்டில் படிப்பு பிந்தித் தொடங்குவதற்குக் காரணம் சோம்பலல்ல. வழியில் இருட்டிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, பெயர் வேண்டாம், சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஏ. உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்தாள். ஏன் என்று கேட்டேன். "பயோவுக்கு டியூஷன் வேணும் மிஸ், கலைக்கு வேண்டாம்" என்றாள். கலை படிப்பதில் ஒரு குறையுமில்லை. விருப்பப்பட்டு எடுத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆறு மணிக்குப் பிறகு பஸ்ஸில் போக முடியாது என்பதற்காக ஒரு பிள்ளை தன் பாடத்தைத் தெரிவு செய்வதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சங்கத்திடமும், இந்த மலரை ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் சென்னையிலும் இருந்து வாசிக்கும் சகோதரிகளிடமும் என் கோரிக்கை இதையொட்டியதுதான். சாதாரண தரம் முடிந்து பெறுபேறு வரும்வரையான மாதங்களில், பாடசாலைக்குள்ளேயே, காலை எட்டரையிலிருந்து பகல் ஒரு மணிவரை ஓர் ஆரம்ப வகுப்பு வேண்டும். கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், ஆங்கிலம் மட்டும். பகல் வெளிச்சத்தில் வந்து பகல் வெளிச்சத்தில் போகலாம். நம் பழைய மாணவிகளில் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியைகள் இந்த நகரத்திலேயே இருக்கிறார்கள். கம்பஸ் தொடங்கக் காத்திருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வினாத்தாள் செய்த கை இன்னும் சூடாக இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆங்கிலத்தை இணையவழியில் எடுக்கலாம். நூற்றாண்டுக்குக் கட்டடம் கட்டுவது பற்றிப் பேசுகிறோம், அதுவும் நல்லதுதான். ஆனால் இதற்கு வேண்டியது ஒரு வகுப்பறை, மின்விசிறி, வெண்பலகை, ஆசிரியைகளின் பஸ் காசு, பிள்ளைகளுக்குப் பத்து மணிக்கு ஒரு பணிஸும் தேநீரும்.

வெளிநாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகள் தங்கள் பிள்ளைகளைப் பற்றியும் என்னிடம் எழுதிக் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் அங்கே கணக்கு வேறு. பிரித்தானியாவில் யூகேட் என்பது பாட அறிவைச் சோதிப்பதல்ல. வேகத்தையும் தர்க்கத்தையும் பார்க்கிறது. கோடையில் எழுதி, ஒக்டோபர் 15க்குள் விண்ணப்பம் போட வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவைதான். அதற்குச் சில கிழமைப் பயிற்சி போதும், வருடக்கணக்கு வேண்டாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் எம்கேட் எழுதுவது பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு. அங்கே பாடசாலைப் பிள்ளையை இதற்காக வருத்துவதில் அர்த்தமே இல்லை. இந்தியாவில் நீட் 720 புள்ளி, அதில் பாதி, 360, உயிரியலுக்கு. தமிழ்நாட்டில் அதற்காகத் தரம் 6இலேயே வகுப்புத் தொடங்குகிறார்கள் என்று கேட்டு நம்மவர்களும் இங்கே பதறுகிறார்கள். அது அவர்களுடைய பரீட்சை. நமது பரீட்சையில் அமைப்புக் கட்டுரையும் கட்டுரையும் எழுத வேண்டும். பல்தேர்வை மட்டும் பழகி இங்கே கரைசேர முடியாது.

கடைசியாக, எப்போது நிறுத்துவது என்பதையும் பேசிவிட வேண்டும். தொடங்குவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் எழுதலாம். முதல் ஷையில் கிடைக்காவிட்டால் அழுது முடித்த பிறகு மூன்று பாடத்தின் புள்ளியையும் தனித்தனியே பாருங்கள். இரண்டு பாடம் நன்றாக இருந்து ஒன்று இழுத்துவிட்டது என்றால் இரண்டாம் ஷைக்கு நியாயம் இருக்கிறது. அந்த ஒரு பாடத்துக்குத்தான் உழைப்பு. மூன்றும் சராசரியை ஒட்டி நின்றால், இன்னொரு வருடம் அதே வகுப்பில் அதே கதிரையில் உட்காருவதால் ஒன்றும் மாறாது. இரண்டாவது ஷையிலும் எட்டவில்லை என்றால், மூன்றாவதை எழுதுவதா என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். சொந்தக்காரர் கேட்பார்கள் என்பதற்காக எழுதும் மூன்றாம் ஷையில் பிள்ளைகள் உடைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். இருபத்தொரு வயதில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட மறுத்த பிள்ளையை என்னிடம் அழைத்து வந்திருக்கிறார்கள்.

உயிரியல் பிரிவில் மருத்துவம் ஒன்றுதான் கதவா? பல் மருத்துவம், மிருக வைத்தியம், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம், தாதியியல், இயன்மருத்துவம், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், விவசாயம் எல்லாம் அதே மூன்று பாடத்தில்தான். வைத்தியசாலையில் என் பக்கத்தில் நின்று என்னைத் திருத்துகிற இயன்மருத்துவரும் ஆய்வுகூட அலுவலரும் உண்டு. அவர்கள் இல்லாமல் என் வேலை ஒரு நாளும் ஓடாது.

ஒரு வருடம் முன்பின் ஆவது பற்றியும் பயப்பட வேண்டாம். பீடத்தில் ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம், இடையிடையே காத்திருப்பு. என் வகுப்பில் முதல் தடவையில் வந்தவர்களும் இருந்தார்கள், இரண்டாம் தடவையில் வந்தவர்களும் இருந்தார்கள். மூன்றாம் வருடம் வோர்டுக்குப் போன பிறகு யார் எந்த ஷை என்று எவருக்கும் நினைவில்லை.

ஆரம்ப வகுப்பில் கற்பிக்கவோ உதவவோ விரும்பும் பழைய மாணவிகள் சங்கச் செயலாளரிடம் பெயரும் பாடமும் எந்தெந்த நாள் வரலாம் என்பதும் எழுதிக் கொடுங்கள். பௌதிகவியலுக்குத்தான் ஆள் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதை முதலில் பாருங்கள். தரம் 11 பிள்ளைகளின் அம்மாமார், உங்கள் பிள்ளை எங்கிருந்து வருகிறாள், வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையும் அதே தாளில் குறித்துவிட்டுப் போங்கள்.